எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்கள்



அத்திப்பட்டுப் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் இடுக்கில் ஷிப்டு முடிந்த நம் பிள்ளைகள் இரு சக்கர வண்டிகளில் நுழைந்து வீடு திரும்புவார்கள். தொப்பி நசுங்குமென்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் நம்மில் உண்டு!

அந்த ஊரிலிருந்து ஒரு சகோதரி நம்மைத் தேடி வந்தார். கணவருக்கு 44 வயது. லாரி இடித்துத் தலையில் அடி. டாக்டர்கள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மூளையின் வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் பொருத்தினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்றாம் மாதம் பேச்சு வந்தது. வந்த பேச்சு வசவாக இருந்தது. யாரையும் அதட்டிக்கூடப் பேசியறியாத மனிதர், பெற்ற தாயைக் காது கூசும் சொற்களால் ஏசினார். ஒரு நாள் கஞ்சி சுட்டுவிட்டதென்று மனைவியை நோக்கி மூன்று முறை தலாக் என்று கத்தினார். மறுநாள் காலை அதே மனைவியிடம், “புள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சே, சாப்பாடு கட்டலையா?” என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய் ஒரு வருடமாகிறது!

தெருவில் சிலர் கூடி, “தலாக் விழுந்துவிட்டது, இத்தா இரு, அவர் முகத்தில் விழிக்காதே” என்று தீர்ப்பும் கூறிவிட்டார்கள். பதினொரு நாட்களாக அந்த அம்மையார் கணவரின் அறைக்குள் நுழையவில்லை. எழுபது வயது மாமியார் மகனைத் தனியே புரட்டிப் படுக்க வைக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நோயாளியின் முதுகில் புண் தொடங்கிவிட்டது.

“ஹஜ்ரத், நான் அவரைத் தொடலாமா?” இதுதான் அவர் கேட்டது.

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் பெருங்குற்றம் புரிந்த ஒரு பெண்ணுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, நிறைவேற்ற அழைத்துச் சென்றார்கள். அவள் புத்தி பேதலித்தவள். வழியில் கண்ட அலி (ரலி) அவர்கள் அவளைத் திருப்பி அழைத்து வரச் செய்து, உமர் (ரலி) அவர்களிடம் சென்று நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லை நினைவூட்டினார்கள். விழிக்கும் வரை தூங்குபவர், பருவமடையும் வரை சிறுவர், தெளியும் வரை புத்தி இழந்தவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பதே அதன் கருத்து. உமர் (ரலி) அவர்கள் தக்பீர் முழங்கியவர்களாக அவளை விடுவித்தார்கள். அபூதாவூதில் இச்செய்தி வருகிறது. உயிர் போக்கும் தண்டனையே எவரை விட்டு நீங்குகிறதோ, அவருடைய வாயிலிருந்து தெறித்த ஒரு சொல்லால் நிகாஹ் முறிந்துவிடுமா? புத்தி நீங்கியவரின் தலாக் நிகழாது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டுள்ளன.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நாவுக்கும் கோபத்துக்கும் கடிவாளம். அங்கே பலத்த அடிபட்டால், சாந்தமானவரும் சீறுவார். இது டாக்டர்கள் நன்கறிந்த விஷயம். ஆனால் தலையில் அடிபட்டோர் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. தெளிந்து சில நேரம், கலங்கிச் சில நேரம் இருப்பவரும் உண்டு. தெளிந்த நேரத்தில் சொன்னதற்குச் சட்டம் வேறு. ஆகவே சிகிச்சை செய்யும் டாக்டரிடம் கேட்டு, ஆலிமிடம் விவரம் கூறித்தான் முடிவு காண வேண்டும். திண்ணையில் தீர்க்கும் காரியமல்ல! நாமும் டாக்டரை விசாரித்த பிறகே அந்தச் சகோதரியிடம், “நீங்கள் அவருடைய மனைவிதான். போய் அவருக்குக் கஞ்சி கொடுங்கள்” என்றோம். அவர் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தொழுகை பற்றியும் கேட்டார். ஹனபி மத்ஹபில், ஒரு பகல் ஓர் இரவைக் கடந்து மயக்கம் நீடித்தால் அந்தத் தொழுகைகளுக்குக் களா இல்லை. ஷாபியீ மத்ஹபில் ஒரு வக்து முழுவதும் மயக்கத்தில் கழிந்தாலே அந்த வக்துக்குக் களா இல்லை. தெளிவு திரும்பினால் படுத்தபடியே சைகையால் தொழ உதவுங்கள். தெளிவில்லாதவரை எழுப்பி உட்கார வைத்து, ஓதச் சொல்லி அதட்ட வேண்டியதில்லை.

இனி, சொத்து. “அவர் இருந்தும் இல்லாதவர்தானே” என்று அண்ணன் தம்பிகள் பங்கு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மூச்சு இருக்கும்வரை அவர் பொருள் அவருடையதே. வாரிசுரிமை மவுத்துக்குப் பின்தான். அதே நேரத்தில் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமே! நினைவிழந்தவருக்குக் கையெழுத்திட முடியாது. மனைவி நினைத்தவுடன் விற்கவும் இயலாது. பிக்ஹு நூல்கள் இப்படிப்பட்டவருக்கு வலீ ஒருவரை நிறுத்தும் பொறுப்பைக் காஜிவரை கொண்டு செல்கின்றன. நம் நாட்டில் நீதிமன்றத்தை நாட வேண்டும். 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம், கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவியையே பாதுகாவலராக நியமித்து, அவருடைய சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ அனுமதித்தது. ஆனால் 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரிலேயே வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. உதவி அவளுக்கு, உடைமை அவருக்கு. இதில் நம் ஷரீஅத்துக்கு முரணாக எதையும் நாம் காணவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது வேறொன்று. விபத்து நடந்த வாரத்தில் அந்த வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. நாற்பது நாள் கழிந்தபின் ஆளே இல்லை. நாமும் ஒரு முறை போய் யாஸீன் ஓதி ஊதிவிட்டு வந்தவர்தாம். “அவருக்குத்தான் ஆள் தெரியவில்லையே, போய் என்ன பயன்?” என்ற எண்ணம்!

ஜாபிர் (ரலி) அவர்கள் நோயுற்று நினைவிழந்து கிடந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் நடந்தே வந்து பார்த்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்து அந்தத் தண்ணீரை அவர் மீது ஊற்ற, அவர் விழித்தார். (விழித்ததும் தம் பொருளை என்ன செய்வது என்றுதான் கேட்டார்!) இமாம் புகாரி அவர்கள் மயக்கமுற்றவரை நலம் விசாரிப்பதற்கென்றே தனிப் பாடம் அமைத்து இந்த ஹதீஸைப் பதிவு செய்துள்ளார்கள். நோயாளிக்குத் தெரியாது என்பது நமக்குச் சாக்கல்ல.

தெரியாது என்றும் எப்படி உறுதியாகச் சொல்வது? மூளைக் காயத்தால் எந்தச் சொல்லுக்கும் அசையாத 241 நோயாளிகளை வெளிநாட்டு மருத்துவர்கள் கருவிகளால் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். கையை மூடித் திறப்பதாக மனத்தால் எண்ணிப் பாருங்கள் என்பது போன்ற கட்டளைகளுக்கு 60 பேரின் மூளை கீழ்ப்படிந்திருந்தது! நான்கில் ஒருவர். அவர்கள் தலைமாட்டில் நின்று நாம் எதையெல்லாம் பேசினோமோ!

படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும் என்பார்கள். இரவிலும்தான். ஒரு மனைவியும் ஒரு முதியவரும் எத்தனை இரவு விழிப்பது? எனவே ஜும்ஆவில் இதை எடுத்துச் சொன்னோம். இப்போது இஷாவுக்குப் பின் இரண்டு இளைஞர்கள் முறை வைத்துச் செல்கிறார்கள். முதல் இரவு அவர்களையும் அவர் ஏசினார். ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். நான்காம் வாரம் ஒரு பையனுடைய ஸலாமுக்குப் பதில் ஸலாம் வந்தது. அறிந்து சொன்னாரா, நாவின் பழைய பழக்கமா, அல்லாஹ்வே அறிவான். அன்று இரவு அவர் தாயார் ஸுப்ஹு பாங்கு வரை உறங்கினார்.