பழுது யாருடையது?

ஒரு பொருள் தொல்லை கொடுக்கத் தொடங்கினால் அதை மாற்றிவிடுவது எளிது. மாற்றுவது நியாயந்தானா என்று கேட்பதுதான் கடினம். பொருளில் தொடங்கும் இந்தக் கேள்வி மனிதரில் போய் முடிகிறது. ஆகவே இதைச் சற்று நிதானமாக யோசிப்பது நல்லது.

மண் தள்ளும் புல்டோசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் டீசல் எஞ்சினுக்கு உயிர்நாடி, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் டீசல் பம்ப். ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் இவ்வகைப் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. அதன் பிறகே டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலாக இடம் பிடித்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய துளி டீசலை, உரிய கணத்தில், நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தத்தில் அனுப்புவது இதன் வேலை. உள்ளே ஒரு சிறு உருளையும், அதில் ஏறி இறங்கும் தண்டும் ஜோடி ஜோடியாக இழைத்துப் பொருத்தப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். ஒரு ஜோடியின் தண்டை இன்னொன்றின் உருளையில் போட முடியாது. அந்தத் தண்டு உராயாமல் காப்பதும், ஓடுகிற டீசலேதான்.

இவ்வளவு நுட்பமான ஒன்றுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? வெட்டவெளியில் கிடக்கும் பீப்பாயிலிருந்து, புழுதியும் மழை நீரும் கலந்த டீசலைக் கொடுக்கிறோம்!

எஞ்சின் கறுப்புப் புகை விட்டாலும், காலையில் கிளம்ப மறுத்தாலும், மேட்டில் இழுவை குறைந்தாலும் எல்லாரும் விரல் நீட்டுவது பம்பை நோக்கித்தான். ஆனால் டீசல் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இழுவை குறையும். காற்று வடிகட்டியில் தூசி அப்பினாலும், நாசில் தேய்ந்தாலும் புகை வரும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயில் ஒரு மரை தளர்ந்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். வெளியே ஒரு சொட்டு டீசல்கூடச் சிந்தாமல் இருக்கலாம். குற்றத்துக்குச் சாட்சியமே இல்லை. தண்டனை மட்டும் பம்புக்கு.

மலைச்சாலை வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை, கூலி எல்லாம் நஷ்டம். பம்பை மாற்றினார். சில மாதங்களில் புதியதும் அதே கதியை அடைந்தது. சந்தேகம் ஓட்டுநர் பக்கம் திரும்பியது, அவரையும் மாற்றினார். மூன்றாவது பம்ப் வந்தபோது வயதான மெக்கானிக் ஒருவர், "முதல்ல டேங்க்கைக் கழுவுங்க முதலாளி" என்றார். அடித்திருகைத் திறந்ததும் டீசலுக்கு முன்னால் வந்தவை தண்ணீரும் துருவும்.

பம்புக்குப் போன பணம் நாளை திரும்ப வரலாம். கெட்ட பெயரோடு போன அந்த ஓட்டுநருக்கு யார் எதைத் திருப்பிக் கொடுப்பது? அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் அல்லர். வண்டி ஓடுகிறது; அத்தோடு விவகாரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காகப் பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதில்லை. சோதனை மேடையில் ஏற்றி அளந்து, தண்டும் உருளையும் தேய்ந்துவிட்டன என்று தெரிந்த பிறகும் மாற்றாமல் இருப்பது இரக்கம் ஆகாது. சரிவில் வேலை செய்யும் யந்திரம் திடீரென்று நின்றால், ஆபத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அல்லவா? புதியதை வைப்பதிலும் சிரத்தை வேண்டும். குறிக்குக் குறி பொருந்தாமல் சில டிகிரி முந்தினால் எஞ்சின் தட்டும், பிந்தினால் புகையும். குற்றமற்ற புதிய பம்பும் இடம் தவறினால் பழையதைவிடக் கெடுதல் செய்துவிடும்.

நீக்கும் உரிமை நமக்கு இல்லை என்று நான் வாதிடவில்லை. நாம் கொடுத்தது சுத்தமாக இருந்ததா என்று முதலில் பார்த்தவனுக்கே அந்த உரிமை உண்டு என்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும், தாமதிக்கும் குமாஸ்தாவிடமும், பரீட்சையில் தேறாத பையனிடமும் நாம் நடந்துகொள்ளும் விதத்துக்கு இது பொருந்தும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். பல சமயங்களில் எய்தவர் நாமாகவே இருக்கிறோம். அம்பை நோவது நமக்கு இத்தனை சௌகரியமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.