கொக்கு ஹலால்தானே?

கார்த்திகை பிறந்ததும் பள்ளிவாசல் படியில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “ஹஜ்ரத், கொக்கு ஹலால்தானே?” கேட்பவர் வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார் என்பது பெரும்பாலும் முகத்திலேயே தெரியும்.

ஹலால்தான். நகத்தால் இரையைப் பற்றிக் கிழிக்கும் பருந்து, வல்லூறு, ஆந்தை முதலியவை கூடா. நீர்ப்பறவைகள் கூடும். ஆனால் நம் ஷாபிஈ மத்ஹபில் ‘லக்லக்’ எனப்படும் நாரை மட்டும் கூடாது என்பதே சரியான சொல் என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். இறகு பிடுங்கித் துண்டு போட்ட பின் கொக்கு எது, நாரை எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

அன்பர்களே! பறவை ஹலால் என்பது ஒன்று. அந்த இறைச்சி ஹலால் என்பது வேறொன்று. வலையில் கழுத்து இறுகிச் செத்தது, அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலா விலக்கியுள்ள ‘முன்கனிகா’ ஆகும். கவண்கல்லிலோ உண்டிவில்லிலோ அடிபட்டு, அறுக்குமுன் உயிர் போனது ‘மவ்கூதா’ ஆகும். (துப்பாக்கி ரவையைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை இங்கே விரிக்கவில்லை.) நெல்லில் பூச்சிமருந்து கலந்து வைத்துப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தின்று செத்தது செத்த பிராணிதான். சாகுமுன் அறுத்தாலும் அந்த நஞ்சு நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறது. சாலையோரத்தில் இறகு நீக்கித் தொங்கவிட்டிருப்பதை யார் அறுத்தார், எப்போது அறுத்தார், உயிர் இருந்தபோதா என்று விசாரித்து வாங்கியவர் யாராவது உண்டா?

“உயிரோடு வாங்கி நானே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தேன்” என்பார் ஒருவர். நல்லது. அந்தக் கொக்கு எப்படிப் பிடிபட்டது? ஒரு கொக்கின் கண் இமைகளை நூலால் தைத்து, காலைக் கட்டி வயலில் நிறுத்துவார்கள். அதைக் கண்டு மற்றவை நம்பி இறங்கும். உயிருள்ள பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதைக் குறியாக்குபவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை எடுத்துச் சொன்னார்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தரும்படிக் கட்டளையிட்டார்கள்.

அந்தக் கொக்கு இறங்கும் இடத்தையும் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதில் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் பெருங்குடிக் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. மிஞ்சியதற்கு 2022-இல் ராம்சர் உடன்படிக்கையில் இடம் கிடைத்தது. வடக்கே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பழவேற்காடு. பூநாரைகள் கூட்டமாக இறங்கும் ஏரி. இடையில் எண்ணூர்க் கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் வெண்ணிறகு கறுத்தது அங்கேதான். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மத்திய ஆசியா, சைபீரியா போன்ற தூர தேசங்களிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வந்து, பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். நம் ஊருக்கு விருந்தாளியாக வரும் சமுதாயம் இது.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கு, மடையான், கிளி போன்றவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மார்க்கம் ஆகுமாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம் என்று சிலர் வாதிக்கிறார்கள். ஆகுமான ஒன்றைப் பொதுநலனுக்காக ஆட்சியாளர் தடுத்தால் கட்டுப்பட வேண்டும் என்றே பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நம்மீது கடமை. நாமோ இந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வதாக ஒப்புக்கொண்டவர்கள். கொக்கு தின்றாக வேண்டும் என்பது பர்ளுமல்ல, சுன்னத்துமல்ல. வலை விரிப்பவனை மட்டும் ஏசிப் பயனில்லை. நாம் காசு கொடுப்பதால்தான் அவன் மறுநாளும் விரிக்கிறான்.

இறைச்சிக்குச் சொன்னது கூண்டுக்கும் பொருந்தும். சிறுவர் அபூஉமைர் (ரலி) வளர்த்த குருவி இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு அவரிடம் அதைப் பற்றி விசாரித்தார்கள். இதை ஆதாரமாக வைத்து, தீனி, தண்ணீர் குறையாமல் பறவை வளர்க்கலாம் என்று உலமாக்கள் கூறுகிறார்கள். ஆனால் பொந்திலிருந்து திருடிய பச்சைக்கிளிக் குஞ்சையும், சாயம் பூசி ‘கலர் குருவி’ என்று விற்கும் சில்லையையும் வாங்குவதற்கு அந்த ஹதீஸில் இடம் தேடக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் கூண்டைத் திறந்து பறக்கவிட வேண்டாம். இறகு வெட்டிய கிளி தெருமுனையைத் தாண்டுமுன் காக்கைக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். வனத்துறையினரிடம் கொண்டுபோய் ஒப்படையுங்கள். அதுவரை அதன் தண்ணீர்க் கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.