சாயம் குடிக்காத இடங்கள்

மேசை மேல் கிட்டாரின் உடல். கழுத்து இன்னும் சேரவில்லை. கம்பி இல்லை. பிக்கப்புகளுக்கான இரண்டு குழிகள் திறந்து கிடக்கின்றன.

உடல் பாஸ்வுட். வெளிறிய, மெத்தென்ற மரம். நகம் அழுந்தினால் தடம் விழுகிறது. அதன் முகத்தில் மட்டும் மேப்பிள் வெனீர், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மரத்தோல்.

அந்த அரை மில்லிமீட்டருக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும்.


மேலிருந்து வரும் வெளிச்சத்தில் பரப்பு சுத்தமாக இருக்கிறது.

விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிச் சாய்க்கிறேன். குறுக்கே மெல்லிய கோடுகள், இயந்திரம் இழைத்துவிட்டுப் போனவை. குழியோரம் ஒரு நசுங்கல். கீழ்ப்பக்கம் ஏதோ லேசாக மேடிட்டிருக்கிறது.

விளக்கை உயர்த்துகிறேன். எல்லாம் மறைகின்றன.


மேப்பிளின் அலை.

நேராக வளராமல் நெளிந்து நெளிந்து வளர்ந்த நார். சீவும்போது நெளிவின் ஒரு பகுதி பக்கவாட்டில் அறுபடுகிறது. அடுத்த பகுதி வெட்டுவாய் காட்டுகிறது. பக்கவாட்டு நார் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெட்டுவாய் வைத்துக்கொள்கிறது.

தலையைச் சற்று நகர்த்தினால் இருளும் வெளிச்சமும் இடம் மாறுகின்றன. மயில்கழுத்துப் பட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல.

கெட்டியான உடல் கொண்ட இந்த மின்கிட்டாரின் ஒலிக்கு இந்தத் தோல் செய்வது மிகக் குறைவு. கண்ணுக்காகத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

கண்ணுக்காக என்பது குறைந்த காரணமாகத் தோன்றவில்லை.


துணியில் நாஃப்தா. ஒரே இழுப்பில் முகம் முழுக்கத் துடைக்கிறேன். நெடி மூக்கில் ஏறுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லை.

மரம் நனைகிறது, ஆனால் நார் எழும்பவில்லை. தண்ணீர்தான் நாரை எழுப்பும்.

தேன் நிறம் பரவுகிறது. அலை விழிக்கிறது.

சில இடங்களில் மட்டும் நிறம் மாறவில்லை. மிளகளவில் ஒன்று. அதன் கீழே விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு கீற்று. கம்பிகளைத் தாங்கும் பாலம் வரப்போகும் இடத்துக்கு அருகே சின்னச் சின்னதாக ஒரு கூட்டம்.

பசை. அழுத்தி ஒட்டும்போது நுண்துளைகள் வழியே மேலே வந்தது. பசை அடைத்த நாருக்குள் எதுவும் போகாது.

நாஃப்தா ஆவியாகிறது. புள்ளிகளும் போகின்றன. ஒரு தாளில் உடலின் வடிவை வரைந்து அவற்றைக் குறித்துக்கொள்கிறேன். மரத்தின் மேல் பென்சில் வைக்க மனம் வரவில்லை. கரி நாருக்குள் இறங்கிவிடும்.


இந்த மேப்பிளை நிறமின்றி விட்டுவிட்டால் புள்ளிகள் யார் கண்ணிலும் அதிகம் படாது. வெளிர் மரத்தில் வெளிர் பசை.

நீலச் சாயம் பட்டால் ஒவ்வொன்றும் வெள்ளையாக நிற்கும்.

கறை எப்போது பிறக்கிறது?

கேள்வி வருகிறது. இருக்கிறது. போகிறது.


பிளேடை நிமிர்த்திப் பிடித்து என் பக்கம் இழுக்கிறேன். அழுத்தம் இல்லை. பிளேடின் எடை போதும்.

பசை பொடியாக வருகிறது. மரம் வந்தால் சுருளாக வரும். பொடி, பொடி, பொடி. மெல்லிய சுருள் ஒன்று, ஒளி ஊடுருவும் அளவுக்கு. கை நிற்கிறது.

மீண்டும் நாஃப்தா. மிளகுப் புள்ளி போய்விட்டது. கீற்று பாதியாகியிருக்கிறது. கூட்டம் அப்படியே இருக்கிறது. அங்கே பசை வெனீரின் முழு ஆழத்துக்கும் ஊறியிருக்கிறது. அதை எடுப்பதென்றால் மரத்தையும் எடுக்க வேண்டும்.

வெள்ளைப் பசையாக இருந்தால் சூடான வினிகர் இளக்கும். மேலே இருப்பதை இளக்கும் வினிகர் கீழே தாங்கிக்கொண்டிருப்பதையும் இளக்கும். புட்டி எட்டும் தூரத்தில் இருக்கிறது. திறக்கவில்லை.


நகத்தால் தட்டிப் பார்க்கிறேன். டிக், டிக், டிக். மேடிட்ட இடத்தில் ஒலி மாறுகிறது. அடியில் காற்று.

இங்கே பசை சேரவில்லை. ஓரிடத்தில் மிகுந்தது, ஓரிடத்தில் இல்லை.

வெனீருக்கு அடியில் இருப்பது வெள்ளைப் பசை என்றால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இளகி மறுபடி பிடிக்கக்கூடும். யூரியா ஃபார்மால்டிஹைடு என்றால் சூட்டுக்கு இளகாது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

புது பிளேடு. நார் ஓடும் திசையிலேயே ஒரு கீறல். குறுக்கே வெட்டினால் தழும்பு தெரியும். நாரோடு போனால் வெட்டும் இன்னொரு நாராகிவிடுகிறது.

ஊசியின் நுனியைக் கீறலுக்குள் நுழைக்கிறேன். ஒரு துளிப் பசை. விரலால் நீவும்போது தோலுக்கு அடியில் அது நகர்வது தெரிகிறது. மீறி வருவதை ஈரத் துணி உடனே எடுக்கிறது. காய்ந்தால் அதுவே இன்னொரு புள்ளி.

மேலே மெழுகுத்தாள். அதன் மேல் மட்டமான கட்டை. அதன் மேல் பாரம்.

நாளை வரை இங்கே செய்ய ஒன்றுமில்லை.

செய்ய ஒன்றுமில்லாத மேசை முன் உட்கார்ந்திருக்கிறேன்.


குழியோரத்து நசுங்கல்.

நார் அறுபடவில்லை, அமுங்கியிருக்கிறது. அறுந்தது திரும்பாது. அமுங்கியது திரும்பும்.

ஈரத் துணியின் ஒரு முனை. சூடான சால்டரிங் அயர்ன் ஒரு கணம் தொடுகிறது. உஸ். சின்ன ஆவி. எடுத்துவிடுகிறேன். சூடு தங்கினால் வெனீரின் ஓரம் கழன்று வரும்.

காய்ந்த பின் விரலை ஓட்டுகிறேன். பள்ளம் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. மீதியை விரல் அறிகிறது, கண் அறியவில்லை.


மேல் இடது பக்கம் பச்சை கலந்த பழுப்பில் ஒரு கோடு. தாது ஏறிய தடம். மரம் உயிரோடு இருந்தபோதே வந்தது.

தாளில் இதைக் குறிக்கவில்லை.

1958 முதல் 1960 வரையான கிப்சன் லெஸ் பால் கிட்டார்களின் முகத்தில் இருப்பது வெனீர் அல்ல, செதுக்கிய கனத்த மேப்பிள். அவற்றில் சிலவற்றில் இத்தகைய கோடுகள் உண்டு. ஓரத்தில் பூசிய சிவப்பு வெயில் படப் பட வெளுத்தது. சிலவற்றில் முழுதும் போய் தேநீர் நிறம் எஞ்சியது. அப்படி வெளுத்தவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.


மெழுகுத்தாளை உரிக்கிறேன். தட்டுகிறேன். எங்கும் ஒரே ஒலி.

320 நம்பர் உப்புத்தாள், கட்டையில் சுற்றி. நாரோடு மட்டும். மேடிட்டிருந்த இடத்தில் சில இழுப்புகள். ஓரத்துக்குப் போகும் முன் கட்டை திரும்புகிறது. ஓரத்தில் தாள் இரட்டிப்பாகத் தின்னும், அலையே இல்லாத பாஸ்வுட் எட்டிப்பார்க்கும்.

விரல்களில் மாவு போன்ற தூசி.

தண்ணீரால் ஒருமுறை துடைத்துக் காயவிடுகிறேன். எழும்ப வேண்டிய நார் சாயத்துக்கு முன்பே எழும்பட்டும். கன்னத்தில் ஒருநாள் தாடியின் சொரசொரப்பு. தாள் அதைத் தொட்டும் தொடாமலும் எடுக்கிறது.


நிறத்தை வார்னிஷில் கலந்து மரத்தின் மேல் நிறுத்தலாம். அங்கே பசையும் நாரும் ஒன்றே. எந்தப் புள்ளியும் தெரியாது.

அலையின் ஆழமும் குறையும்.

மரம் குடித்த நிறமே வேண்டும். புள்ளிகள் தெரியும் என்று தெரிந்தே.

நீலம் வேண்டாம். அம்பர். நீரில் கரைத்தது.


முதல் இழுப்பு.

வெட்டுவாய் நார் அதிகம் குடிக்கிறது, பக்கவாட்டு நார் குறைவாக. அலை இருபுறமும் நகர்ந்து நிற்கிறது. மூச்சு தானாக மெதுவாகிறது.

புள்ளிக் கூட்டம் இருந்த இடத்திலேயே வருகிறது. வெளிராக, அசையாமல்.

கீறல் எங்கே என்று தேடுகிறேன். நாரும் கீறலும் பிரியவில்லை.


அரக்கு. பலாசிலும் கும்பாதிரியிலும் ஒட்டி வாழும் சிறு பூச்சியின் பிசின், ஸ்பிரிட்டில் கரைத்தது. நீர்ச்சாயத்தை ஸ்பிரிட் அவ்வளவாகக் கலைப்பதில்லை. துணிப்பொட்டலம் வழுக்கிப் போகிறது.

ஈரமாக இருக்கும்வரை எல்லாம் அழகாக இருக்கிறது. காயும்போது புள்ளிகள் கொஞ்சம் பின்வாங்கி, பிறகு அங்கேயே நிற்கின்றன.


மெல்லிய தூரிகை. ஒரு துளி அரக்கில் ஒரு சிட்டிகைச் சாயம். புள்ளியை முழுதும் நிரப்பினால் அது அலையில்லாத பொட்டாகிவிடும். எனவே நாரின் கோடுகளை ஒவ்வொன்றாகப் புள்ளிக்குள் நீட்டுகிறேன். ஒரு கோடு. இடைவெளி. ஒரு கோடு.

கூட்டத்தில் பாதி அடங்குகிறது.

பாலம் பூட்டினால் இன்னும் சில அதன் அடியில் போகும். ஒன்று மட்டும் பாலத்துக்கும் வால்யூம் குமிழுக்கும் நடுவே, மணிக்கட்டு உரசும் இடத்தில்.

அதைத் தொடவில்லை. அடுத்த பூச்சு மாலையில். அதற்கு முன் தொடலாம். பூசிய பிறகும் அரக்கின் மேல் தொடலாம், ஆனால் நிறம் ஒரு படி உயரத்தில் நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.