கப்பற்பயணியும் ப்ரபந்நனும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அடியோமும் எம் இல்லத்தாரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ஐந்து இரவுகள் கடலில் கழித்தோம். எம் சஷ்டியப்தபூர்த்தியை ஒட்டி, வெளிநாட்டில் இருக்கும் மகன் செய்த உபஹாரம் அது. வாணிபமோ தீர்த்தயாத்திரையோ காரணமன்று. கடலின் மேல் சும்மா இருந்துவிட்டு வருவதே நோக்கம். அந்தச் சும்மா இருத்தல் எம்முள் ஒரு கேள்வியை எழுப்பிற்று. இரண்டு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, இப்போது பாகவதர்கள் முன் வைக்கத் துணிகிறோம்.

முதலில் ஒரு கேள்வியை ஒதுக்கிவிடுகிறோம். ‘ஸ்ரீவைஷ்ணவன் கடல் கடக்கலாமா?’ என்று புறப்படுமுன் உறவினர் சிலர் கேட்டனர். போதாயன தர்மஸூத்ரம் கடற்பயணத்தைப் பதிதனாக்கும் செயல்களில் முதலாவதாக எண்ணுகிறது என்பது உண்மையே. கும்பகோணம் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜனையும் இந்தத் தடை உலுக்கிற்று. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து அநுமதித்ததாக அன்னையார் சொன்ன பின்னரே அவர் இசைந்தார் என்பர். 1914 மார்ச் 17இல் சென்னையில் ‘நெவாசா’ என்னும் கப்பலேறி ஏப்ரல் 14இல் லண்டன் சேர்ந்தார். அந்த இருபத்தெட்டு நாட்களும் அவருக்கு ஒரு காரியத்தின் பொருட்டானவை. இன்று நம்மில் எத்தனையோ பேர் கடல்கடந்து வாழ்ந்து, அங்கங்கே திருக்கோயில்களும் எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே கடக்கலாமா என்பதைப் பெரியோர் திருவுள்ளத்துக்கே விட்டுவிடுகிறோம். எம் கேள்வி கடலில் சும்மா இருப்பதைப் பற்றியது.

சென்னையிலிருந்து இத்தகைய உல்லாசப் பயணம் 2022 ஜூன் மாதம் தொடங்கிற்று. கப்பலின் பெயர் ‘எம்பிரஸ்’. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயரில் வேறு கடல்களில் ஓடி, பின்பு நம் கரைக்கு வந்தது. நீளம் 211 மீட்டர், பதினொரு தளங்கள். மறு ஆண்டு ஜூன் 5ஆம் தேதி இலங்கைப் பயணமும் தொடங்கி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டு வந்தது. அவற்றில் கண்டவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுத விரும்புவது, துறைமுகம் எதுவும் வராத நாளைப் பற்றியே.

அன்று விடிந்தபோது நாற்புறமும் நீரே. காலை அநுஷ்டானம் முடிந்ததும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணத்தையும் நேரத்தையும் எண்ணியே பழகிய எமக்கு அது முதலில் அச்சமாகவே இருந்தது. மணி பத்துக்குக் காசாளர் கூண்டுகள் திறக்கும் ஓசை காதில் கேட்பது போன்ற பிரமை. பிறகு மெல்ல மெல்ல அச்சம் கரைந்தது. சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தோம். கப்பல் போய்க்கொண்டிருந்தது, அதைச் செலுத்துவது எம் பொறுப்பன்று. சமைப்பது, பெருக்குவது, திசை காண்பது எதுவும் எம்முடையதன்று. உண்டோம், உறங்கினோம், மறுபடி கடலைப் பார்த்தோம்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வெளிநாட்டில் குடியேறிய ஒரு ஸ்வாமி. அருளிச்செயலில் நல்ல பழக்கம் உள்ளவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஸ்வாமி, சரணாகதி செய்தவன் மார்பில் கைவைத்து உறங்கலாம் என்று பூர்வர்கள் அருளிச்செய்வார்களே, அது இதுதான் போலும்! ஏறினோம், இனி நாம் செய்ய ஏதுமில்லை, கொண்டு சேர்ப்பது கப்பலின் வேலை.”

மிகவும் இனித்தது. இனித்ததனாலேயே பின்னர் உறுத்திற்று. விலைக்கு வாங்கிய ஓய்வும் சரணாகதனுடைய நிர்ப்பரமும் ஒன்றேதானா? ஒன்றே என்றால், வசதியுள்ளவர் எல்லாரும் ஒரு சீட்டு வாங்கி அதை அறிந்துவிடலாமே. அறுபது ஆண்டுகள் கரிசலில் உழுது மழைக்குக் காத்திருந்தவர்களுக்கு அது கிட்டவே கிட்டாது என்றும் ஆகிவிடுமே.

குலசேகரப்பெருமாள் திருவித்துவக்கோட்டெம்பெருமானைப் பாடிய பதிகத்தில் வரும் மரக்கலத்துப் பறவையை வாசகர் அறிவர். நடுக்கடலில் பறந்து பறந்து கரை காணாமல், மீண்டும் பாய்மரத்துக்கே திரும்புகிற பறவை. எம் கப்பலிலும் அப்படி ஒன்று வருமா என்று அன்று பகல் முழுதும் நாடினோம். வரவில்லை. வந்திருந்தாலும் அதற்கும் எமக்கும் என்ன ஒற்றுமை? பறவை திரும்பி வருவது வேறு புகல் இல்லாமையால். எமக்கோ திரும்பும் தேதி அச்சிட்ட சீட்டு இருந்தது. வீட்டுச் சாவி இருந்தது. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. இத்தனை கரைகளை மடியில் கட்டிக்கொண்டு ‘கதி வேறில்லை’ என்று சாய்ந்திருப்பது பறவையின் அமைதி ஆகாது. திருமங்கையாழ்வாரோ ஒரு பதிகத்தில் காற்றில் அகப்பட்ட கலத்தில் இருப்பவர்களின் மனநிலையைத் தம் மனத்துக்கு உவமையாக்குகிறார். ஆழ்வார்கள் காலத்துக் கப்பலில் சாய்வு நாற்காலி கிடையாது. அச்சமும் ஆர்த்தியும் அங்கே உண்மையானவை.

இது ஒரு வேறுபாடு. இதைவிடப் பெரிய வேறுபாட்டை எம் அறையைத் துப்புரவு செய்ய வந்த பிள்ளை காட்டினான்.

எம் இல்லத்தார் வழிக்கென்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். பொட்டலத்தைக் கண்டதும் அவன் கை நின்றுவிட்டது. “அம்மா, எந்த ஊரு?” என்றான். எப்போதும்வென்றான் என்றோம். அவனுக்கு விளாத்திகுளம் பக்கம். தாயார் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கி அவனைப் படிக்க வைத்தவர். கொடுத்த மிட்டாயைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். “உட்காரப்பா” என்றோம். “உட்காரக் கூடாது ஐயா” என்றான். குறையாகச் சொல்லவில்லை, ஒழுங்காகச் சொன்னான். வங்கிக் கூண்டில் நாமும் ஒழுங்கோடு இருந்தவர்தானே.

கப்பல் தொழிலாளர்க்கென 2006இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உண்டு. ஓய்வு நேரத்துக்கு அது வகுத்த அளவு: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாட்களில் குறைந்தது 77 மணி. பழக்க தோஷத்தால் கழித்துப் பார்த்தோம். வாரத்துக்கு 168 மணி. 77 போக 91. அவ்வளவு நேரம் வரை வேலை வாங்க அந்த அளவு இடம் தருகிறது. யாருடைய தவறும் அன்று இது. கடலில் ஓடும் கப்பலை இரவில் இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் எம் ஓய்வு எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கழித்தலில் தெரிந்தது.

வணிகவியல் மாணவனுக்கு முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு உண்டு என்பது. ஒரு கணக்கிலிருந்து போன சுமை காற்றில் மறைவதில்லை. இன்னொரு கணக்கில் ஏறுகிறது. மேல்தளத்தில் அடியோம் இறக்கிவைத்த சுமை, கீழே வெயில் படாத தளங்களில் யாரோ ஒருவன் பேரில் ஏறிற்று. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று சொல்லலாம். பணக்கணக்கு முடிந்ததுதான்.

கப்பல் கட்டணத்தின் மறுபக்கத்தை எங்கள் பக்கத்தார் முன்பே கண்டிருக்கிறார்கள். பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்கம்பெனியின் கப்பல்கள் ஓடின. எதிர்த்த வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இலவசமாகப் போனவருக்கு அந்தக் குடையின் விலை தெரிந்திராது. அது கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தவர் பேரில் எழுதப்பட்டது. அம்பாந்தோட்டைக்குப் போகும் வழியில், எம் மேல் விழுந்த நிழற்குடையைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்தது.

அப்படியானால் சரணாகதியிலும் இதுதானே நடக்கிறது, நம் பரத்தை இன்னொருவர் மேல் போடுகிறோம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். அடியோமும் அன்றிரவு படுக்கையில் கிடந்து இதையே கேட்டுக்கொண்டோம். ஆசார்யர்களிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆத்மா எம்பெருமானுடைய சொத்து. சொத்தைக் காப்பது உடையவனுடைய பொறுப்பு. அப்பொறுப்பை நாம்தான் ‘நான், எனது’ என்று தவறாக நம் பேரேட்டில் எழுதி, அநாதிகாலம் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். சரணாகதியில் கடன் வேறொருவர் தலைக்கு மாறுவதில்லை; பிழையாக எழுதியது திருத்தப்படுகிறது. கணக்கியலில் இதற்குத் திருத்தப் பதிவு என்றே பெயர். முதலிலிருந்தே எவன் கணக்கோ அவன் கணக்குக்கு அது போகிறது. அதனால் யாருக்கும் புதிதாகச் சுமை கூடவில்லை. அவனுக்கோ ரக்ஷிப்பது சுமையே அன்று, பேறு. (வங்கிக்காரன் புத்தி என்று பெரியோர் சிரிக்கக்கூடும், க்ஷமித்தருளவேண்டும்.)

ஆகவே நண்பர் சொன்ன உவமை பாதிதான் பொருந்துகிறது. ‘நாம் செலுத்தவில்லை, செலுத்தப்படுகிறோம்’ என்பது சரி. ஆனால் கப்பற்பயணியின் ஓய்வு பிறர் மேல் ஏறிய சுமை; ப்ரபந்நனுடைய நிர்ப்பரத்தில் அப்படி ஏறுவது ஒன்றும் இல்லை. மற்றொன்றும் உண்டு. பயணி தன் சுமையை இறக்கியதும் அவன் கைக்கு வேலையில்லை, பானகம்தான் வருகிறது. ப்ரபந்நனுக்கோ இறக்கிய பின்புதான் கை ஒழிகிறது. திருமழிசைப்பிரான் நான்முகன் திருவந்தாதியில் தாம் பொழுது போக்கிய விதத்தைச் சொல்லும்போது அடுக்குவதெல்லாம் செயல்கள். நம் ஸம்ப்ரதாயத்தில் வ்யாக்யானம் கேட்பதற்கே ‘காலக்ஷேபம்’ என்று பெயரிட்டார்கள். பொழுதைப் போக்குதல் என்பதுதானே சொற்பொருள்? பேற்றுக்காகச் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று ஆனவன், இருக்கும் பொழுதைக் கைங்கர்யத்தில் போக்குகிறான். கடலில் நாங்கள் போக்கிய பொழுதுக்கு அந்தப் பெயரைத் தர எமக்கு வாய் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டால், போவோம் என்றே தோன்றுகிறது. கடல் அத்தனை அழகு. பொய் சொல்வதில் பயனில்லை.

ஊர் திரும்பி, தமையனாரை ஸேவிக்க எப்போதும்வென்றான் சென்றோம். ஊர்ப்பெயர்தான் அப்படி, வானத்திடம் மட்டும் எங்கள் ஊர் அடிக்கடி தோற்றிருக்கிறது. தகப்பனார் பரமபதித்தபோது தமையனார் பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தார். மேலே படிக்கவில்லை; மாட்டைப் பிடித்தார். பருத்தியும் உளுந்தும் விற்ற பணத்தில்தான் அடியோம் கோவில்பட்டியில் பட்டம் பெற்றோம். இத்தனை ஆண்டு பிறர் கணக்கைச் சரிபார்த்த நாம், அந்த ஒரு பதிவை எங்கும் எழுதவில்லை என்பது கப்பலில் அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சுருக்கமாகச் சொன்னால், அடியோம் அதற்கு முன்பே ஒரு கப்பலில் ஏறியிருந்தோம்.

ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கரிசல் முழுதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புரட்டாசியில் மேகம் கூடும்வரை மானாவாரிக்காரனுக்குப் பெரிய வேலை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருந்த தமையனார் கேட்டார்: “அங்க போயி என்னதான் செஞ்சீங்க தம்பி?”

“ஒன்றும் செய்யவில்லை அண்ணா. சும்மா இருந்தோம்.”

“அதுக்கா அம்புட்டுப் பணம்? அத இங்க திண்ணையிலயே இருந்திருக்கலாமே!”

எல்லாரும் சிரித்தோம். பிறகு கப்பலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். குடிநீருக்கு என்ன செய்கிறார்கள் என்றார். இத்தகைய பெரிய கப்பல்களில் கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கியோ, நுண்ணிய சவ்வில் அழுத்தி வடிகட்டியோ நன்னீர் ஆக்குகிறார்கள் என்றோம். தமையனார் மார்கழிதோறும் பஜனை மடத்தில் திருப்பாவை சொல்லித் தருபவர். நாலாம் பாட்டில் ஆண்டாள் மேகத்தைக் கடலுக்குள் போகச் சொன்னதைத்தான் நினைத்தார் போலும்; சற்று நேரம் பேசவில்லை.

“நமக்கும் அதே கடல்தண்ணிதான். வர்றதுக்குத்தான் நாளாகுது” என்றார்.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொன்னோம். விளாத்திகுளத்தில் எந்தத் தெரு, யார் மகன் என்றார். கேட்டுவைக்கவில்லை என்றபோது எம் முகத்தை ஒருமுறை பார்த்தார். உங்களுக்குப் பட்ட கடன் ஒன்று இருக்கிறது அண்ணா என்று தொடங்கினோம். “அதெல்லாம் என்னத்துக்கு இப்ப? மடத்துத் துளசிக்குத் தண்ணி ஊத்தணும். முழங்கால் மடக்க முடியல. வாளி இறைச்சுத் தருவியா?” என்று எழுந்தார்.

கிணற்றில் நீர் ஆழத்தில் கிடந்தது. பதினெட்டு வாளி இறைத்தோம். மறுநாளும் இருக்கிறாயா என்று கேட்டார். திரும்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்திருந்தோம். அதை ரத்து செய்தோம்.