செய்யாத குற்றம்

"தாத்தா, நான் செய்யாத தப்புக்கு எனக்கு ஏன் தண்டனை?" என்று கேட்டான் என் பேரன்.

இப்படிப்பட்ட கேள்வியை ஒருவர் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கக் கூடாது. எனக்குப் புரையேறிவிட்டது. அது 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம். சிட்னி நகரின் மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில் என்ற இடத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். நம் ஊரில் கத்திரி வெயில் ஓய்ந்து மூச்சு விடுகிற அந்த நாட்களில் அங்கே கடுங்குளிர். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

அவன் தண்டனை என்று சொன்னது, கார் ஓட்டுவதற்கு அந்த நாட்டார் கொடுக்கும் லைசென்ஸைப் பற்றி. நம் நாட்டில் பதினெட்டாவது பிறந்த நாள் வந்ததும் கதவு ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழிந்தால் பரீட்சைக்குப் போகலாம். தேறிவிட்டால் மறுநாளே நள்ளிரவில் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் சுற்றலாம். அங்கே அப்படியில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதினாறு வயதில் மஞ்சள் அட்டையில் கறுப்பு 'எல்' எழுத்து. முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 120 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். அத்தனையும் ஒரு கணக்கில் பதிவாக வேண்டும். பத்து மாதமாவது இப்படிப் பழகி, பதினேழு வயதும் நிறைந்து, பரீட்சையிலும் தேறினால் சிவப்புப் 'பி' எழுத்து. அது ஒரு வருஷம். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மதுவில் ஒரு சொட்டும் கூடாது. கையால் தொடாமல் பேசும் டெலிபோன்கூடக் கூடாது. இரவு பதினொன்று முதல் விடியற்காலை ஐந்து வரை, குடும்பத்தாரைத் தவிர, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம். அதன் பிறகு இரண்டு வருஷம் பச்சைப் 'பி'. அதுவும் தாண்டினால்தான் முழு மனிதன்!

"நான் குடிக்கிறதில்லை. வேகமாப் போறதில்லை. செஸ் விளையாடுகிறவன். எவனோ ஒருத்தன் மோதினதுக்கு என்னை ஏன் கட்டிப் போடணும்?" என்றான் பையன்.

உண்மையைச் சொன்னால், அப்பொழுது நான் அவன் கட்சிதான். ஒரு மனிதனை அவன் ஜாதியைக் கொண்டும் ஊரைக் கொண்டும் எடை போடாதே, அவனையே பார் என்று நாற்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைத்தவன் நான். வயதைக் கொண்டு எடை போடுவது மட்டும் எந்த விதத்தில் நியாயம்? பதினேழு வயதில் பொறுப்புள்ளவனும் உண்டு, ஐம்பது வயதில் பொறுக்கியும் உண்டு. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

இந்த அனுதாபத்தின் வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பையனுக்குப் பதினேழு நிறைய ஐந்து வாரம் இருந்தது. கணக்கில் 103 மணி நேரம் ஏறியிருந்தது. இன்னும் பதினேழு பாக்கி. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மகள் அலுவலகத்திலிருந்து களைத்து வருவாள். "பதினேழு மணி நேரம்தானே, எழுதிவிட்டால் போகிறது! யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றேன்.

பேரன் முகம் மலர்ந்தது. மகள் சாதக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து நான் போடணும், அப்பா. உங்களுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை" என்றாள் முதலில். சிறிது நேரம் கழித்து, "அந்தப் பதினேழு மணியிலே எந்த மணி இவனுக்கு ஒருநாள் வேண்டியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பெண்ணிடம் புத்தி கேட்டுக்கொள்வது எந்தத் தகப்பனுக்கும் இனிக்காது. ஆயினும் மறுநாள் மாலை அவர்கள் காரை எடுத்தபோது, வீம்புக்காகவே நானும் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. கிரேட் வெஸ்டர்ன் ஹைவே என்ற பெருஞ்சாலை. எதிரே வரும் விளக்குகளெல்லாம் கண்ணாடியில் கரைந்து வழிந்தன. பையன் அழகாகத்தான் ஓட்டினான். வேகம் அளவாக இருந்தது, கை நடுங்கவில்லை. இடப் பக்கம் ஒரு பஸ் நின்றிருந்தது. மகள் குரலை உயர்த்தாமல், "பஸ்ஸுக்கு முன்னாலே" என்றாள். அவன் உடனே பிரேக்கை அழுத்தினான். பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, ஒரு கிழவி சாலையில் இறங்கினாள்.

அவளை அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் மகளும் அவளைப் பார்க்கவில்லை என்பதுதான் விசேஷம். நின்ற பஸ்ஸுக்கு முன்னால் யாராவது இறங்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இருபது வருஷம் சாலையைப் பார்த்த கண், இல்லாத ஆளையும் பார்க்கிறது.

பையன் குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை, செஸ் விளையாடுகிறவன். அந்தக் கிழவிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அவன் குணத்தில் ஒரு குறையும் இல்லை. கண் இன்னும் பழகவில்லை. குணத்தைப் பரீட்சை வைத்து அறிய முடியாது. கண்ணையோ, மணி நேரம் மணி நேரமாகத்தான் பழக்க முடியும். குற்றம் செய்தவனுக்குத்தான் தண்டனை என்று நாம் சொல்லும்போது, இது தண்டனை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வாதாடுகிறோம். நீச்சல் தெரியாதவனை ஆழத்துக்குப் போகாதே என்பதைத் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை.

ஜாதிக் கதை என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். அதையும் யோசித்தேன். ஜாதி என்று ஒட்டியது உரிக்க வராது. அதற்காகத்தான் அதன்மேல் நமக்கு அத்தனை ஆத்திரம். வயது எல்லோரையும் வந்து தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆனாலும் என் மனசு முழுவதும் சமாதானமாகவில்லை. அதே மாநிலத்தில், இருபத்தைந்து வயது கடந்த பிறகு முதன்முதலாகப் பழக வருகிறவனுக்கு அந்த 120 மணி நேரக் கணக்கே கிடையாது. அவன் கண் மட்டும் எப்பொழுது பழகிற்றாம்? இதற்கு எனக்கு யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

வட கரோலினாவில் பட்ரீஷியா வாலர் என்ற அம்மையார் 1970களில் இந்தப் படிப்படியான லைசென்ஸ் முறையை வற்புறுத்தினார். அமெரிக்கர்கள் யோசித்துக்கொண்டிருக்க, 1987இல் நியூஸிலாந்துதான் முழுமையாக அதைக் கொண்டுவந்தது. இரவையும் நண்பர்களையும் எல்லோரும் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பதினாறு பதினேழு வயது ஓட்டுநரின் காரில் ஆள் ஏற ஏற, அவர் உயிரிழக்கும் அபாயமும் ஏறுகிறது என்று சொன்னது.

எனக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. 1974இல் சென்னையில் நான் லைசென்ஸ் வாங்கினேன். அதிகாரி என்னை அரை பர்லாங்கு ஓட்டச் சொல்லி, போதும் என்று இறங்கிக்கொண்டார். மறு வருஷம் ஓர் இரவு, மூன்று நண்பர்களுடன் மகாபலிபுரம் சாலையில் வந்துகொண்டிருந்தேன். ஒருவரும் குடித்திருக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தோம். பாட்டில் என் முறை வந்தது. நான் பின்னால் திரும்பினேன். சைக்கிளில் வந்த மனிதனுக்கு வலது கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் கொடுத்தோம். அவனாகவே விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை பெறாத நான்தான், பேரனுக்காகப் பொய்க் கணக்கு எழுதச் சொன்னேன்.

பதினேழு மணி நேரமும் ஓட்டி முடித்தார்கள். ஜூலை கடைசியில் பையனுக்குச் சிவப்பு எழுத்து கிடைத்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் ஒரு கல்யாணத்துக்காக மெல்போர்ன் போயிருந்தார்கள். இரவு பதினொன்று அடித்துப் பத்து நிமிஷத்துக்கு டெலிபோன் மணி அடித்தது. பரமட்டாவில் சினிமா விட்டுக் காருக்கு வந்திருந்தான் பேரன்.

"தாத்தா, மூணு பேரு நிக்கிறாங்க. ஒருத்தனைத்தான் ஏத்தலாம். விட்டுட்டு வரவா? குளிருது. என்ன செய்யட்டும்?"

சிநேகிதர்களை நள்ளிரவில் தெருவில் விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பத்து நிமிஷப் பாதைதான், எல்லோரையும் ஏற்றிக்கொள் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கிறது, பாருங்கள்! நான் பேசாமல் இருக்கவே, அவனே சொன்னான்:

"சின்ன வயசிலே நீங்க சொல்வீங்களே, புலி, ஆடு, புல்லுக்கட்டு. அது மாதிரி ஒவ்வொருத்தனாக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

மூன்று நடை. இடையில் இரண்டு முறை திரும்பப் போக வேண்டும். நான் ஜன்னல் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கார் விளக்குக்கும் எழுந்து நின்று முழங்கால் வலித்தது. ஒரு மணி அடிக்கிற சமயத்தில் வந்து சேர்ந்தான். பெட்ரோல் தீர்ந்துபோயிற்று என்றும், மூன்றாவது பையன் குளிரில் தன்னைத் திட்டித் தீர்த்துவிட்டான் என்றும் முறையிட்டுக்கொண்டே தயிர் சாதத்தை எடுத்தான்.

"நீங்க ஏன் தூங்கலே, தாத்தா?"

அவன் சாப்பிட்டு முடிக்கும் வரையில் காத்திருந்தேன். பிறகு, 1975ஆம் வருஷத்து மகாபலிபுரம் சாலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.