அரங்கில் ஒலிக்கும் வழிபாடு

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழிபாட்டில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. மனிதக் குரல் மட்டுமே உண்டு. ஆகவே 1888இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருச்சபைப் பாடல்களின் மெட்டுகளைக் கொண்டு ‘ரஷ்ய ஈஸ்டர் விழா’ ஓவர்ச்சரை எழுதியபோதே அம்மெட்டுகள் ஆலயத்தை விட்டு அரங்குக்கு வந்துவிட்டன. நம்பிக்கையில் பிறந்த இசை, அந்த நம்பிக்கை இல்லாதவர் செவியிலும் புனிதமாக நிலைக்குமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அத்தகைய இசையை மேற்குலகுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் இசைக்குழு நடத்துநர் செர்கேய் கூசெவித்ஸ்கி (1874–1951).

யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மாஸ்கோவில் வாழ யூதர்களுக்குத் தடை இருந்ததால், அங்கே இசை பயில்வதற்காக 14 வயதில் ஞானஸ்நானம் பெற்றார். 1909இல் ரஷ்ய இசைக்கென ஒரு பதிப்பகம் தொடங்கினார். 1920இல் நாட்டை விட்டு வெளியேறினார். முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சி ஓவியங்கள்’ ராவெலின் இசைக்குழு வடிவத்தில் 1922இல் பாரிசில் அவர் நடத்தித்தான் முதன்முதலில் ஒலித்தது. 1924 முதல் 1949 வரை பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு அவர் பொறுப்பில் இருந்தது.

அந்தக் கேள்வி கூர்மையடைவது இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினிடம். அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கியின் எழுத்தில் தோய்ந்தவர் அவர். இமயத்தின் அடிவாரத்தில் ‘மிஸ்டீரியம்’ என்ற பெருஞ்சடங்கு நடக்கும், அங்கே பார்வையாளர் என்று எவரும் இருக்கமாட்டார், பங்கேற்கும் மனிதகுலம் அதனாலேயே உருமாறும் என்று உறுதியாக நம்பினார். சடங்கு நடக்காமலே 1915இல் இறந்தார். அதே சிந்தனையில் விளைந்த அவரது ‘பிரமீதியஸ்’ என்ற இசைப்படைப்பு 1911இல் மாஸ்கோவில் அரங்கேறியது. நடத்தியவர் கூசெவித்ஸ்கி, பியானோ வாசித்தவர் ஸ்க்ரியாபினே. அவையினர் இருக்கையில் அமர்ந்து கேட்டார்கள், கலைந்தார்கள். உலகம் உருமாறவில்லை. ஆனால் பிரம்மஞானம் பற்றி எதுவும் அறியாதவரையும் அந்த இசை இன்றும் உலுக்குகிறது. கோட்பாட்டின் துணையின்றி நிற்கும் வலிமை அதற்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1926இல் திருச்சபைக்குத் திரும்பிய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வழி வேறு. பாஸ்டன் இசைக்குழுவின் 50ஆம் ஆண்டுக்காகக் கூசெவித்ஸ்கி ஒரு படைப்பு கேட்க, விவிலியச் சங்கீதங்களை லத்தீனில் அமைத்து 1930இல் ‘சங்கீதங்களின் சிம்பொனி’யைத் தந்தார். இறைவனின் மகிமைக்கென இயற்றி, இசைக்குழுவுக்கு அர்ப்பணித்தார். இரண்டையும் அவர் ஒன்றாக்கிக் குழப்பவில்லை. தெளிவு அங்கேதான் இருக்கிறது. ஆலயத்தில் பாடுபவர் இறைவனிடம் பேசுகிறார். அரங்கில் இருப்பவர் அந்தப் பேச்சைக் கேட்கிறார். பதில் சொல்லவோ, தன் வாழ்வை அதற்கு ஒப்புக்கொடுக்கவோ கடமைப்பட்டவர் அல்லர். இசை மட்டுமே அந்தக் கடமையை உண்டாக்கிவிடும் என்று எதிர்பார்த்ததுதான் ஸ்க்ரியாபினின் பிழை.