மரவையும் மரமும்



ஒரு காலத்தில் நமது வீட்டு அடுக்களைகளில் உப்பு மரவை இல்லாமல் இராது. உப்பு இரும்பை அரித்துவிடும். மரத்தை அப்படி அரிக்காது. ஆகையால் மரத்தில் குடைந்த மரவையில் உப்பிட்டு வைப்பார்கள். அதில் யாரும் அழகு தேடினதில்லை. இன்று நான் எழுத வந்தது அதற்குத் தூரத்து உறவான வேறொரு மரவையைப் பற்றி. அதில் உப்பும் வைப்பதில்லை, மோரும் ஊற்றுவதில்லை. பார்ப்பதற்கென்றே கடைந்தது.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் கரையோரமாகக் கடந்தபோது ரப்பரும் வாழையும் தரையோடு தரையாயின. இரணியலுக்கு அருகே விழுந்த மரங்களுள் பழைய புளி ஒன்றும் உண்டு. எல்லாரும் விறகுக்குக் கேட்டார்கள். கடைசல் தொழில் தெரிந்த ஓர் ஆசாரி மட்டும், அடிமரம் இரண்டாகப் பிரிகிற கவட்டைத் துண்டைத் தமக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். கவட்டையில் இரு கிளைகளின் நாரும் ஒன்றையொன்று நெருக்கி முறுகி வளர்ந்திருக்கும். பலகைக்கு ஆகாது, உளிக்கும் அடங்காது. ஆனால் அறுத்துத் திறந்தால் அங்கேதான் ரேகை தீக்கொழுந்துபோல் நிற்கும்.

பச்சை மரத்தையே முதலில் பட்டறையில் ஏற்றி, சுவர் கனமாக இருக்கும்படி கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் வைத்திருந்தார். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வட்டமாகக் கடைந்தது கோழிமுட்டைபோல் கோணிக்கொள்ளும். கோணி முடிந்த பிறகே மறுபடி ஏற்றி மெல்லிசாக்க வேண்டும். வெளிப்புறத்தில் உளி அடியிலிருந்து விளிம்பை நோக்கிப் போகவேண்டும். உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. மாறினால் நார் பிய்ந்துவரும். புளியின் வைரமோ உளியை மழுக்கும். கடைந்த நேரத்தைவிட உளி தீட்டின நேரமே அதிகம் என்றார் ஆசாரி.

மறு ஆண்டு திருநாள் ஏலத்துக்கென்று அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். வெளிறிய வெள்ளைக்குள் ஊதா கலந்த கரும்பழுப்பு வைரம். அதன் நடுவே கவட்டையின் ரேகை. இது எதற்கு உதவும் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மேற்கூரையில் உள்ள மரப்பூக்கள் எதற்கு உதவுகின்றன என்று அவர்களைத் திருப்பிக் கேட்டேன். அந்த வழக்கு அத்தோடு தீர்ந்தது. என் வழக்குத்தான் பிறகு வந்தது.

குருமடத்தில் மெய்யியல் படித்தவனுக்கு இப்படி ஒரு மரவை கிடைத்தால் விடுவானா? பொருள், வடிவம், செய்பவன், நோக்கம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த நான்கு காரணங்களும் என் உள்ளங்கையில் இருந்தன. அடுத்த ஞாயிறு அதைப் பிரசங்கத்தில் தூக்கிக் காட்டினேன். நாம் மரம், சர்வேசுரன் ஆசாரி, துன்பம் அவர் கை உளி, நெருக்குண்ட இடத்தில்தான் அழகு பிறக்கிறது என்றேன். பலர் தலையசைத்தார்கள். எனக்கும் பரம திருப்தி.

பூசை முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றாள். கடற்கரை ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தவள். ஒக்கியில் மகனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், உடலும் கிடைக்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை.

"சாமி, மரவை அழகாத்தான் இருக்கு. அந்த மரம் இப்பம் எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

வாசகரே, அந்தக் கேள்வியை நீங்களும் சற்று நின்று பாருங்கள். மரவையின் அழகு பார்க்கிறவனுக்கு. மரத்துக்கு அதனால் யாதொரு லாபமும் இல்லை. என் உவமையில் அந்தத் தாய் மெருகேறுகிற மரம் என்றால், அவள் மகன் யார்? பட்டறைக்குக் கீழே விழுகிற சீவலா? ஒரு மனிதனின் சாவை இன்னொருவருடைய ஆத்தும அலங்காரத்துக்கு வேண்டிய செலவாகக் கணக்கெழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சர்வேசுரன் பூமியில் மனிதனை அவன்பொருட்டே விரும்பிப் படைத்தார் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. அதைப் படித்துத் தேர்வும் எழுதினவன்தான் நான்.

எரேமியாஸ் ஆகமத்தில் குயவனும் களிமண்ணும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அந்த உவமை மனந்திரும்ப வேண்டிய ஒரு ஜனத்துக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. பிள்ளையை இழந்தவளின் வீட்டு முற்றத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகலாகாது.

மரத்தைப் பற்றியும் நான் தப்பாகத்தான் பேசியிருந்தேன். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒன்றை விளக்கினார். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் அதைச் சுற்றி வேலி கட்டி, மேலே புதுமரம் வளர்த்து மூடிக்கொள்கிறது. காயம் உள்ளே அப்படியே இருக்கும். அந்தத் தாய்க்கு இது புது விஷயமாக இருந்திராது.

அப்படியானால் காயத்தில் மகிமையே இல்லையா? நம் அண்டை ஊரான நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளை, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் பட்ட அடிகளை நாம் வணக்கத்தோடுதான் நினைக்கிறோம். உயிர்த்த சேசுநாதருடைய திருமேனியில் தழும்புகள் மகிமையோடு நிற்கின்றன என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கற்பிக்கிறார். மெய்தான். ஆயினும் நாம் வணங்குவது துப்பாக்கிக் குண்டையும் ஈட்டியையும் அல்ல, அவற்றின் நடுவிலும் விலகாமல் நின்ற அன்பை. அதைத் தேவசகாயம் தாமே மனமுவந்து ஏற்றார். அந்த நாளில் அவர் மனைவி ஞானப்பூ அம்மாளிடம் ஒருவன் போய், இதுவும் ஓர் அழகுதான் அம்மா என்று சொல்லியிருந்தால், அவனை என்னவென்று சொல்வோம்?

என் பிழை எங்கே என்று பிற்பாடு தெரிந்தது. ஆசாரி மரத்தை வீழ்த்தவில்லை. வீழ்ந்து கிடந்ததை, விறகாகப் போக இருந்ததை, எடுத்துக் கடைந்தார். நானோ புயலையும் உளியையும் ஒன்றாக்கிவிட்டேன். தீமையைச் செய்பவர் வேறு, தீமையின் இடிபாட்டிலிருந்து நன்மையை எடுக்கிறவர் வேறு என்று ஞானோபதேச வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன், பீடத்தில் நின்று அதை மறந்தேன்.

இதைச் சொன்னாலும் அவள் கேள்வி தீரவில்லை. மரம் எங்கே? அதற்கு மரவையைக் காட்டிப் பதில் சொல்ல ஒருவராலும் ஆகாது. நமது விசுவாசப் பிரமாணமும் மரவையை வாக்களிக்கவில்லை. சரீர உத்தானத்தை வாக்களிக்கிறது. அவன் நினைவு, அவனால் விளைந்த நன்மை என்பவையெல்லாம் இரண்டாவது. அவனே எழுந்து வருவான் என்பதே நமது பிரமாணம். கடல் திருப்பித் தராத சரீரத்தைப் பற்றி அதைச் சொல்லுவது எளிதல்ல.

மறுவாரம் அவள் மகள் வீட்டுக்குப் போனேன். உவமை ஒன்றும் கொண்டுபோகவில்லை. மகனுடைய பேர் என்ன என்று கேட்டேன். பேரைச் சொன்னாள். பிறகு அவன் சின்னதில் வள்ளத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டதையும், சாளைக் குழம்பென்றால் இரண்டாம் தரம் சோறு கேட்பதையும் சொன்னாள். பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் நடுவில் இரண்டு தடவை தேயிலை போட்டுக்கொண்டு வந்து வைத்தாள், இரண்டும் ஆறிப்போயிற்று.